ஒரு பேச்சுக்குச் சொன்னது

அந்த உயரமான வங்கிக் கட்டடத்தில் வரிசையாகப் பல லிஃப்ட்கள் உண்டு. ஒன்றைத் தவிர மற்றவற்றில் நீங்களே பொத்தானை அழுத்திக்கொண்டு, நீங்களே ஏறி, நீங்களே இறங்கிக்கொள்ள வேண்டியதுதான். கடைசியில் இருந்தது மட்டும் மேல் மாடி அதிகாரிகளுக்கென்று ஒதுக்கியது. அவ்வளவு பெரிய அதிகாரிகளுக்குப் பொத்தானை அழுத்த விரல் இருக்குமா என்று நிர்வாகத்துக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அதற்கென்றே ஓர் ஆளைச் சீருடை போட்டு நிறுத்தி வைத்திருந்தார்கள். அவர்தான் நம் லிஃப்ட்காரர்.

அதற்கு முன்னால் அவர் அதே கட்டடத்தின் அடித்தளத்தில் கார்களுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு புகைக்கு நடுவில் நின்றாலும் சட்டை கசங்காமல் இருப்பதைப் பார்த்து யாரோ ஒரு மேலாளர் இவரை லிஃப்டுக்கு மாற்றினார். மனைவியின் தம்பிக்கு அன்றிலிருந்து பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. "மாமா அளவுக்கு உயரம் போனவங்க நம்ம சொந்தத்துல யாரு இருக்கா? தினம் பதினெட்டாவது மாடி. என்ன, சாயங்காலம் ஆனா கீழ வந்துடுறாரு" என்பான். அவரும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்தால் நான்கு மாடி படியேற வேண்டும். அவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

அவருக்கு ஒரே மகள். மற்ற பிள்ளைகள் கதைப் புத்தகம் படிக்கிற வயதில் இவள் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளைப் படித்தாள். வங்கியின் வரவேற்பறையில் பழசாகிப்போய்க் குப்பைக்கு எடுத்துவைக்கும் வழவழப்பான அறிக்கைகளை அப்பா கொண்டுவந்து போடுவார். அவள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, "அப்பா, இந்தக் கம்பெனி பொய் சொல்லுதுப்பா. லாபம்னு போட்டிருக்கான், ஆனா கைல காசு இல்ல" என்பாள். அவருக்கு ஒன்றும் புரியாது. புரியாததால் பெருமை இன்னும் கூடும். முதலீட்டுத் துறைக்குப் போக வேண்டும், அதுவும் அப்பா நிற்கிற கட்டடத்திலேயே மேல் மாடியில் உட்கார வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அவருடைய ஆசையும் அதுதான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளி முடித்ததும் அவளுக்கு இரண்டு இடங்களில் சேர அனுமதி கிடைத்தது. ஒன்று பெரிய பல்கலைக்கழகம். நிதிப் படிப்புக்கென்றே தனிக் கட்டடம், ஒரு வகுப்பில் சினிமாக் கொட்டகை அளவுக்குக் கூட்டம். இன்னொன்று மரங்கள் சூழ்ந்த சின்னக் கல்லூரி. அங்கே பொருளாதாரம் படிப்பவள் தத்துவமும் படிக்கலாம், வரலாறும் படிக்கலாம், ஓவியம்கூடப் போடலாம். ஆசிரியருக்கு ஒவ்வொருவர் பெயரும் தெரியும். இரண்டு இடத்திலும் அவளுடைய மதிப்பெண்ணுக்குக் கட்டணமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பணம் இடித்திருந்தால் பழியைப் பணத்தின் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அந்த வசதியும் இல்லாமல் போயிற்று.

மகள் விசாரித்துவிட்டுத்தான் வந்தாள். "யுனிவர்சிட்டிக்குப் போறேன்ப்பா. பேங்க்காரங்க நேரா அங்க வந்து ஆள் எடுக்குறாங்க. ரெண்டாவது வருஷ லீவுலயே பயிற்சிக்குக் கூப்பிடுறாங்க. அந்தப் பயிற்சிக்குப் போனவங்களுக்குத்தான் அப்புறம் வேலை. காலேஜ் நல்லாத்தான் இருக்கு. ஆனா இவங்க எல்லாம் அங்க வர்றாங்களான்னு யாருக்கும் தெரியல."

"எதுக்கும் நான் கேட்டுப் பாக்குறேன்" என்றார் லிஃப்ட்காரர்.

அவர் கேட்கிற விதமே தனி. கீழிருந்து மேலே போகிற நேரத்தில் பெரிய பேச்சு எதுவும் பேச முடியாது. ஒரு பயணத்துக்கு ஒரு கேள்வி என்பது அவர் வைத்திருந்த கணக்கு. மிச்சத்தை மறுநாள் கேட்டுக்கொள்வார். ஒருவருடைய மூட்டுவலிக்கு வைத்தியரைச் சொன்னதும், இன்னொருவர் மகனின் கல்யாணக் கதை முழுவதையும் தெரிந்துகொண்டதும் இப்படித்தான். அந்த வாரம் முழுக்க அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சார் எங்க படிச்சீங்க?"

பதில் சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் சின்னக் கல்லூரிக்காரர்கள். அந்த மரங்களைப் பற்றிப் பேசினார்கள், ஓர் ஆசிரியரைப் பற்றிப் பேசினார்கள், பதினெட்டாம் மாடி வந்த பிறகும் கதவைக் கையால் தடுத்து நின்று பேசினார்கள். லிஃப்ட்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இவ்வளவு பெரிய ஆட்களெல்லாம் அங்கே படித்தவர்கள் என்றால் இதற்குமேல் என்ன விசாரிக்க வேண்டியிருக்கிறது? காதில் எதையோ செருகிக்கொண்டு, கைபேசியைப் பார்த்தபடி ஏறி, பார்த்தபடியே இறங்கிப்போன கும்பலை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்களில் யாரும் வாயைத் திறக்கவில்லை, அதனால் அவருக்கு அவர்கள் கண்ணிலேயே படவில்லை. அன்பாகப் பேசுகிறவர்கள்தான் உலகம் என்று நினைக்கிற மனிதருக்கு இதைவிட இயல்பான தவறு இருக்க முடியாது. ஆனால் தவறு தவறுதான்.

பேசினவர்களிலேயே அதிகம் பேசினவர் பதினெட்டாம் மாடிக்காரர். வங்கிக்குப் புதிதாக ஆள் எடுக்கும் பிரிவுக்குத் தலைவர். சின்னக் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. லிஃப்ட்காரரின் தோளில் கை போட்டுப் பேசுகிற ஒரே அதிகாரி.

"பொண்ணுக்கு எங்க காலேஜ்ல கிடைச்சிருக்கா? கண்ண மூடிக்கிட்டுச் சேருங்கப்பா" என்றார். "கணக்குப் போட யாரு வேணா கத்துக்கலாம். யோசிக்கத்தான் கத்துக்கணும். அதை எங்க காலேஜ்லதான் சொல்லித் தர்றாங்க."

"படிச்சு முடிச்சா இங்க வேலைக்கு வர முடியுமா சார்?"

"வந்து நிக்கட்டும். நான் இருக்கேன்ல?"

அந்த நான்கு சொல்லைப் பொத்திப் பொத்தி வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி ஒரு பல் மருத்துவமனையில் கருவிகளைக் கழுவி எடுத்துவைக்கிற வேலை பார்த்தாள். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "நான் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பல்லையே பாக்குறவ. பல்லு தெரியச் சிரிக்கிறவங்க எல்லாம் நல்லவங்கன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. அவருக்கு வெளுத்ததெல்லாம் பால்.

மகள் விடவில்லை. பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்று வாதாடினாள். கடைசியில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு என்னம்மா தெரியும்? நான் தினம் அவங்களோட நிக்கிறவன். அவங்க எங்கிருந்து வர்றாங்கன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக, தான் பார்க்கிற வேலை தனக்கு ஓர் அதிகாரத்தைத் தந்துவிட்டதாக அவர் நினைத்தார். மகள் கையிலிருந்த கடிதத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "சரிப்பா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக் கடிதத்தை மடித்துவைத்தாள்.

கல்லூரி மோசமில்லை. அதைச் சொல்லாவிட்டால் பாவம். அவளுக்குத் தர்க்கம் நடத்திய ஆசிரியை ஒருவரை மிகவும் பிடித்துப்போயிற்று. யாரோ எப்போதோ எழுதிய தத்துவத்தைச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் விளக்கி அம்மாவைத் தூங்கவைத்தாள். முதல் வருடத்தில் பழைய மாணவர்கள் கூடுகிற விழா நடந்தது. பதினெட்டாம் மாடிக்காரர் லிஃப்ட்காரரைக் குடும்பத்தோடு வரச்சொல்லி முன்வரிசையில் உட்காரவைத்தார். மேடையில் ஏறி, "தினமும் என்னை மேலே கொண்டுபோகும் மனிதரின் மகள் இன்று நம் கல்லூரியில் படிக்கிறாள். இதுதான் நம் கல்லூரி" என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை. எழுந்து நிற்கச் சொன்னார்கள், லிஃப்ட்காரர் எழுந்து நின்றார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பக்கத்தில் மகள் தலையைக் குனிந்துகொண்டிருந்ததை அவர் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். கல்லூரியின் விளம்பரப் புத்தகத்தில் அடுத்த வருடம் அவள் படமும் பதினெட்டாம் மாடிக்காரர் படமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன.

இரண்டாம் வருட விடுமுறை வந்தது. பயிற்சிக்குச் சொல்லிப்பார்க்கும்படி மகள் கேட்டாள். லிஃப்ட்காரர் கேட்டார். "இந்த வருஷம் கொஞ்சம் நெருக்கடிப்பா. கடைசி வருஷம் பாத்துக்கலாம், நான் எங்க போயிடப் போறேன்?" என்றார் பதினெட்டாம் மாடிக்காரர். அதுவும் நியாயம்தானே என்று இவருக்குத் தோன்றியது. மகளிடமும் அப்படியே சொன்னார். அவள் அந்த விடுமுறையில் ஒரு துணிக்கடையில் நின்றாள்.

கடைசி வருடம் ஆரம்பித்த சமயம். மதியச் சாப்பாடு முடிந்து அதிகாரிகள் மேலே ஏறுகிற நேரம். லிஃப்டில் பதினெட்டாம் மாடிக்காரரும், கடன் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பெண் அதிகாரி ஒருவரும் ஏறினார்கள். அந்த அம்மாவின் மகனுக்கும் அதே பல்கலைக்கழகம், அதே கல்லூரி, இரண்டிலும் இடம் கிடைத்திருந்தது. எதில் சேர்ப்பது என்று கேட்டார்.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? யுனிவர்சிட்டி" என்றார் பதினெட்டாம் மாடிக்காரர்.

"என்ன சார், உங்க காலேஜப் பத்தி அவ்வளவு பேசுவீங்களே?"

"மேடையில பேசறது வேற. நாம ஆள் எடுக்கப் போற இடத்துல எங்க காலேஜே கிடையாது. வேணாம்னு எடுத்ததே நாந்தான். சின்ன இடம், அவ்வளவு தூரம் போய் ரெண்டு பேர எடுத்துட்டு வர்றது கட்டுப்படியாகாது. வீட்ல செல்வாக்கு இருக்குற பிள்ளைங்க அங்க படிக்கலாம். அவங்களுக்கு அப்பா போன் போட்டா வேலை. நம்ம மேல் மாடியில இருக்குற எங்க காலேஜ்காரங்க எல்லாம் அப்படி வந்தவங்கதான். ஏன், என் பையனையே நான் யுனிவர்சிட்டிலதான் போட்டிருக்கேன்."

லிஃப்ட்காரர் பொத்தான் பலகையைப் பார்த்தபடி நின்றார். எண்கள் ஒவ்வொன்றாக எரிந்து அணைந்தன. அந்த அம்மா தன் மாடியில் இறங்கிப்போனார். கதவு மூடியது. பதினெட்டாம் மாடிக்காரர் வழக்கம்போலத் தோளில் கை வைத்தார்.

"என்னப்பா, பொண்ணு நல்லா படிக்கிறாளா?"

"படிக்கிறா சார்."

"படிக்கட்டும், படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

அந்த மனிதர் குரலைத் தாழ்த்தியிருந்தால்கூட லிஃப்ட்காரருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நம்மை ஏமாற்றுகிறவன் நமக்குத் தெரியக்கூடாது என்று பயப்படுவதும் ஒருவகை மரியாதைதான். அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதே அந்த ஆளுக்கு நினைவில் இல்லை. அன்று சாயங்காலம் வரை லிஃப்ட்காரர் ஏறியவர்களை ஏற்றிவிட்டார், இறங்கியவர்களை இறக்கிவிட்டார். யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விழாவில் எழுந்து நின்றது மட்டும் திரும்பத் திரும்ப மனதில் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை பதினெட்டாம் மாடிக்காரர் தனியாக ஏறினார். ஒரு பயணத்துக்கு ஒரு கேள்வி. லிஃப்ட்காரர் அதைக் கேட்டார்.

"சார், எம் பொண்ணுக்கும் இதே ரெண்டு இடம் கிடைச்சப்பத்தான் உங்களைக் கேட்டேன். நேத்து அந்த அம்மாவுக்குச் சொன்னதை எனக்கு ஏன் சொல்லல?"

பதினெட்டாம் மாடிக்காரர் ஒரு கணம் முழித்தார். பிறகு சிரிப்பு திரும்பிவிட்டது. "அட, அது வேறப்பா. உங்க பொண்ணு யுனிவர்சிட்டி கூட்டத்துல காணாமப் போயிருப்பா. எங்க காலேஜுக்கு அந்த மாதிரிப் பிள்ளைங்க வேணும், அவளுக்கும் நல்ல படிப்பு கிடைச்சுது. கெட்டது ஒண்ணும் நடக்கலையே?"

"வந்து நிக்கட்டும், நான் இருக்கேன்னு சொன்னீங்க சார்."

"ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானேப்பா" என்றார் அவர். கதவு திறந்தது. "அதைப் போய் இவ்வளவு நாளா நெனச்சுக்கிட்டா இருந்தீங்க?"

உண்மையாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார். அதுதான் லிஃப்ட்காரருக்குத் தாங்கவில்லை. தான் ஒரு பேச்சுக்கு விட்டெறிந்த சொல்லின் மேல் ஒரு குடும்பம் ஏறி உட்கார்ந்து பயணம் போய்க்கொண்டிருந்தது அந்த மனிதருக்குத் தெரியவே தெரியாது. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியவன் குதிரையோடு சண்டை போட முடியுமா? அவர் கதவை மூடிக்கொண்டு கீழே வந்தார்.

மனைவியிடம் அன்றைக்கே சொன்னார். அவள் கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு, "ஊருக்குத்தான் உபதேசம்" என்றாள். கணவனின் முகத்தைப் பார்த்ததும் அதற்குமேல் குத்திக்காட்ட அவளுக்கு மனம் வரவில்லை. "அவகிட்ட நீங்கதான் சொல்லணும். தள்ளிப்போடாதீங்க. இன்னும் அந்த ஒரே இடத்தையே நம்பிக்கிட்டு இருக்கா. வேற இடத்துல எழுதிப்போடவாச்சும் நேரம் வேணும்ல" என்றாள்.

தள்ளித்தான் போட்டார். மகள் நேர்முகத்துக்கென்று அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று தன்னைப் பற்றித் தானே பேசிப் பழகுவதை ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முடியவில்லை. ஒரு சாயங்காலம் இருவரும் பையோடு படியேறி வந்துகொண்டிருந்தபோது, மூன்றாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்குகிற சாக்கில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா கேட்டது, அவர் சொன்னது, தான் கேட்டது, ஒரு பேச்சுக்குச் சொன்னேன் என்றது, ஒன்றுவிடாமல். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. "தோள் மேல கை போட்டுக்கிட்டே கழுத்த அறுத்துட்டான்மா. நம்ப வச்சு ஏமாத்திட்டான். என்னை மேடையில காட்சிப் பொருளா நிக்கவச்சுட்டான்" என்றார். தன்னோடு சேர்ந்து அவளும் அந்த மனிதரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அது மட்டும் நடந்திருந்தால் அவர் மனம் ஆறியிருக்கும்.

மகள் பையைப் படியில் வைத்தாள்.

"அவர் உங்களை ஏமாத்தினாரு, சரி" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நான் அவரை நம்பி அங்க போகலப்பா. அப்ப அவர் யாருன்னே எனக்குத் தெரியாது. நான் விசாரிச்சுட்டு வந்து சொன்னேன். நீங்க வேணாம்னு சொன்னீங்க. நான் உங்களை நம்பித்தான் போனேன்."

 இத்தனை நாளும் ஏமாந்தவன் என்கிற இடத்தில் தான் ஒருவர் மட்டுமே நிற்பதாக நினைத்திருந்தார். மகள் பையை எடுத்துக்கொண்டு மேலே போனாள். இவர் அந்தத் திருப்பத்திலேயே வெகுநேரம் நின்றார். கீழ் வீட்டுக்காரர் ஏறி வந்து, "என்ன, லிஃப்டுக்காகக் காத்துக்கிட்டு இருக்கீங்களா?" என்று கேலி செய்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்டாள், அவருக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் கொண்டுவந்து போட்ட ஆண்டறிக்கைகள் மட்டும் கட்டுப் பிரியாமல் கிடந்தன. ஒரு மாதம் பார்த்துவிட்டு அவரும் கொண்டுவருவதை நிறுத்திக்கொண்டார். வங்கியில் அந்த மனிதர் இப்போதும் தோளில் கை வைத்துக்கொண்டுதான் இருக்கிறார். லிஃப்ட்காரர் கதவைத் திறக்கிறார், மூடுகிறார்.

படிப்பு முடிகிற சமயம். ஒரு நாள் வேலை முடிந்து வந்தவர் வாசலில் ஒரு புதுப் பெட்டியைப் பார்த்தார். வேறொரு நகரத்தில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கிற வேலை. அவள் ஒப்புக்கொண்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. அம்மாவுக்குத் தெரியும், அம்மாவின் தம்பியான மாமாவுக்கும் தெரியும். மாமாதான் அங்கே தங்க இடம் பார்த்துக் கொடுத்திருந்தார்.

லிஃப்ட்காரர் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அது எந்த மாதிரி வேலை, முன்னுக்கு வர வழி உண்டா, முதலீட்டுப் பக்கம் மாற முடியுமா என்றெல்லாம் கேட்கத் தோன்றியது. எதைக் கேட்கவும் தனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்றார் கடைசியில்.

மகள் துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். பார்வையில் கோபம் இல்லை.

"அதான் இப்ப சொல்றேன்லப்பா" என்றாள்.